கல் ஒட்டுவதற்கு முன்னால் சுவருக்கு நூல் பிடியுங்கள்

வீட்டு முன்பக்கத்துக்குக் கல் ஒட்டலாம் என்று முடிவானதும் எல்லோரும் நேராகக் கல் கடைக்குத்தான் போகிறார்கள். நிறம், டிசைன், சதுர அடிக்கு என்ன விலை, இதிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும். கல் லாரியில் வந்து இறங்கி, சாரம் கட்டி, மேஸ்திரி முதல் இரண்டு வரிசை வைத்த பிறகுதான் சுவர் நேராக இல்லை என்பது தெரியவரும். அப்போது யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள். "கலவையில புடிச்சுக்கலாமுங்க" என்று ஒரு வார்த்தை வரும், நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். அந்த வார்த்தைக்கு உங்கள் வீட்டில் இடம் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபி பக்கம் என் அக்கா வீட்டில் நடந்தது இது. முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே சுவர் ஒரு இன்ச்சுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. ஒட்டியவர்கள் அந்தப் பள்ளத்தைக் கல்லுக்குப் பின்னால் கலவையை அப்பி அப்பியே நிரப்பிவிட்டார்கள், வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி நாலு கல் சேர்ந்தாற்போல் கழன்று போர்டிகோ ஓரத்தில் விழுந்தது. பகலில் அக்கா பையன் சைக்கிள் நிறுத்துகிற இடம் அது. காலையில் போய் விழுந்த கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றரை இன்ச் கலவை, அதில் முக்கால்வாசி சுவரைப் பிடித்த அடையாளமே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

கணக்கு எளிதுதான். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. பின்னால் ஒரு இன்ச் கலவை போட்டால் அது இன்னொரு 5 கிலோ. கல்லின் எடையை இரட்டிப்பாக்கிச் சுவரில் தொங்கவிடுகிறோம், அதுவும் தடிமனான கலவை காயும்போது சுருங்கி விடுபடப் பார்க்கும். டைல் பசை என்றாலும் அதே கதைதான்: பெரும்பாலான பசைகள் 3 மி.மீ. முதல் 12 மி.மீ. வரைக்குத்தான், மூட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பசை ஒட்டுவதற்கு மட்டுமே. சுவரை நேராக்குவது பூச்சின் வேலை, அது கல் வருவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

சுவரில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று தூக்கு, அதாவது சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பது. இன்னொன்று சமம், நடுவில் வயிறு தள்ளியோ குழி விழுந்தோ இருக்கிறதா என்பது. மேலும் கீழும் தூக்குக்குச் சரியாக இருந்து நடுவில் வயிறு தள்ளிய சுவர் உண்டு. பலகை மாதிரி சமமாக இருந்து மொத்தமாக முன்னால் சாய்ந்த சுவரும் உண்டு. ஒரு சோதனை செய்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

வேண்டியவை அதிகமில்லை: தூக்குக்குண்டு, நைலான் நூல், 2 மீட்டர் அலுமினிய மட்டக்கட்டை (சமம் பார்க்கும் நேர்க்கட்டை), ரசமட்டம் (குமிழி மட்டம்), டியூப் லெவல் (தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் குழாய்), எஃகு ஸ்கேல், சாக்பீஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு வாளித் தண்ணீர். லேசர் இருந்தால் நல்லது, ஆனால் வெயிலில் வெளிச்சுவரில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அது பயன்படும். ஸ்கேல் வாங்கும்போது பூஜ்யம் சரியாக விளிம்பிலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேலில் விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. இழுவை டேப்பின் முனைக் கொக்கி ஆடும், அதையும் விட்டுவிடுங்கள்.

முதலில் கருவிகளையே சோதிக்க வேண்டும். ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே இடத்தில் நின்றால் மட்டம் நல்லது, மாறினால் அதைத் தூக்கி வைத்துவிட்டு வேறு வாங்குங்கள். மட்டக்கட்டைக்கும் இதே மாதிரி, தரையில் வைத்து விளிம்போரம் பென்சில் கோடு போட்டு, கட்டையைப் புரட்டி அதே விளிம்பை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பாருங்கள், கோடும் விளிம்பும் ஒட்டி வந்தால் கட்டை நேர். சைட்டில் கட்டையைச் சாரத்துக்குக் குறுக்கே போட்டு அதன் மேல் ஏறி நிற்கிற பழக்கம் இருக்கிறது, அப்படி வளைந்த கட்டையை வைத்துச் சுவரைக் குறை சொன்ன சம்பவங்களை நானே பார்த்திருக்கிறேன்.

சுவரையும் சுத்தம் செய்துவிடுங்கள். உதிர்கிற பெயிண்ட், காய்ந்து ஒட்டிய கலவைக் கட்டி, ஆணி, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்த பிறகு அளந்தால்தான் அளவு அளவாக இருக்கும்.

மட்டக்கட்டையிலிருந்து தொடங்கலாம். சுவரில் நெட்டாக, குறுக்காக, மூலைவாட்டாக என்று மூன்று திசையிலும் வைத்துக்கொண்டே நகருங்கள், ஒவ்வொரு தடவையும் கட்டை முந்தின இடத்திலும் கொஞ்சம் படிந்து வரட்டும். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் டைல் ஸ்பேசரைச் செருகிப் பாருங்கள். 2 மி.மீ., 3 மி.மீ. என்று கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதுதான். 3 மி.மீ. ஸ்பேசர் தாராளமாக உள்ளே போய் வந்தால் அந்த இடத்துக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். கட்டை இரண்டு முனையும் தொடாமல் கிணற்று ஏற்றம் மாதிரி ஆடினால் நடுவில் மேடு. மேட்டுக்கு ஒரு குறி, குழிக்கு ஒரு குறி என்று சாக்பீஸில் போட்டுக்கொண்டே போங்கள்.

இந்த 3 மி.மீ. நான் வைத்த கணக்கு இல்லை. டைல் ஒட்டுவதற்கான பிரிட்டிஷ் விதி 5385 சொல்வது 2 மீட்டர் கட்டைக்கு 3 மி.மீ. தான். அமெரிக்க விதி இன்னும் கறார்: ஒரு பக்கம் 15 இன்ச்சோ அதற்கு மேலோ இருக்கிற டைல் என்றால் 10 அடிக்கு 1/8 இன்ச்சுக்கு மேல் போகக்கூடாது, நம் கொத்தனார் கணக்கில் சொன்னால் 10 அடிக்கு ஒரு நூல். சின்ன டைலுக்கு இரண்டு நூல் வரை விடுகிறார்கள். காரணம் எளிது: ஆறு இன்ச் உடைகல் சுவரின் வளைவோடு வளைந்து போய்விடும், நாலடிக்கு இரண்டடி கல் பலகை வளையாது, ஒரு மூலை ஒட்டினால் எதிர் மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். நம்மூர் செங்கல் கட்டுமான விதி ஐஎஸ் 2212 ஒரு மாடிக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. வரை தூக்கு விலகலாம் என்கிறது. அதாவது விதிப்படி ஒழுங்காகக் கட்டிய சுவரே பெரிய கல்லுக்குத் தயாராக இருக்காது. "என் சுவர் நல்ல மேஸ்திரி கட்டியது" என்று அளக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது தூக்கு. மேஸ்திரி கையிலிருக்கும் தூக்குக்குண்டில் ஒரு கட்டை இருக்கும், அதன் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல்பக்கம் ஒட்டிப் பிடித்து நூலை இறக்கினால், குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். குண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி இருந்தால் சுவரின் தலை முன்னால் வந்திருக்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து கிடந்தால் அடிப்பக்கம் முன்னால் வந்திருக்கிறது. ஒரு மாடி உயரத்துக்கு இது போதும், ஆனால் இரண்டு மாடி முன்பக்கத்துக்கு நான் இதோடு நிறுத்த மாட்டேன்.

அதற்குச் செய்வது இது, இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் இடது ஓரத்தில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து நிறுத்தி, சுவரிலிருந்து சரியாக 75 மி.மீ. தள்ளி நூல் இறங்குகிற மாதிரி தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும், கீழே வாளித் தண்ணீரில் குண்டு முழுகுகிற மாதிரி வைத்தால் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் நூல் நிற்கிற இடத்தைக் கீழே குறித்துக்கொண்டு, குண்டை எடுத்துவிட்டு, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் கட்டுக்கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். வலது ஓரத்திலும் அதே மாதிரி ஒரு கம்பி. இப்போது சுவருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது துளிகூடச் சாயாமல் நிற்கிறது, நாம் அளக்கப்போவது அந்தக் கண்ணாடியிலிருந்து.

இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரு நைலான் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், அழுத்தினால் கம்பியே நகர்ந்துவிடும். நடுவில் சுவரில் எங்கேயும் நூல் முட்டக்கூடாது. இருபது அடி நூல் நடுவில் கொஞ்சம் தொய்யும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம், தொய்வது கீழ்ப்பக்கம்தான், சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரம் அதனால் மாறாது. கல் வரிசைக்கு மட்டம் பிடிக்கும்போதுதான் அந்தத் தொய்வு பிரச்சினை. இனி இரண்டு அடிக்கு ஒரு இடமாக ஸ்கேலைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து நூல் வரைக்கும் அளந்து, அந்த எண்ணைச் சுவரில் அதே இடத்திலேயே சாக்பீஸில் எழுதுங்கள். தாளில் வேண்டாம், சுவரில்தான். ஒரு வரிசை முடிந்ததும் நூலை இரண்டு அடி மேலே தூக்குங்கள். 22 அடி அகலம், 21 அடி உயரம் உள்ள முன்பக்கத்துக்கு நூற்று முப்பது எண்ணுக்கு மேல் வராது, இரண்டு பேர் இருந்தால் அரை நாள் வேலை.

எழுதி முடித்ததும் ரோட்டோரம் போய் நின்று சுவரைப் பாருங்கள். எண் குறைய குறைய சுவர் வெளியே வந்திருக்கிறது, எண் கூடக் கூட உள்ளே போயிருக்கிறது. சமீபத்தில் நான் அளந்த ஒரு வீட்டில் பெரும்பாலான இடத்தில் 70-க்கும் 76-க்கும் நடுவில் வந்தது. முதல் மாடித் தளம் வருகிற பீம் மட்டத்தில் மட்டும் ஒரு பட்டை முழுக்க 60, 59, 58 என்று இறங்கியிருந்தது. பல வீட்டில் இப்படித்தான், காங்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகை எடை தாங்காமல் வெளியே தள்ளியிருக்கும், மேலே பூசிவிடுவதால் யாருக்கும் தெரியாது. அதே வீட்டில் ஜன்னலுக்குக் கீழே 83. ஆக 58-லிருந்து 83 வரை, 25 மி.மீ., முழுசாக ஒரு இன்ச் வித்தியாசம். வெறும் கண்ணுக்கு அந்தச் சுவர் நேர்ச்சுவராகத்தான் தெரிந்தது, வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்த பிறகும் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தார்.

கல்லின் பின்முகம் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதை இந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன. எதுவும் செய்யாமல் ஒட்டினால், அதிகம் தள்ளியிருக்கிற 58-க்கு 5 மி.மீ. பசை விட்டு 53-ல் கல்லை நிறுத்த வேண்டும். அப்போது ஜன்னலுக்குக் கீழே 30 மி.மீ. காலி. என் அக்கா வீட்டில் நடந்தது அதுதான். அதற்குப் பதிலாக பீம் மேலிருந்த பூச்சைக் கொத்தி 10 மி.மீ. குறைத்து அந்த இடத்தை 68-க்குக் கொண்டுவந்தோம். 71-க்கு மேல் வந்த இடங்களுக்கெல்லாம் புதுப் பூச்சு கொடுத்தோம், அதிகபட்சம் 13 மி.மீ. என்பதால் ஒரே பூச்சில் முடிந்தது. 15 மி.மீ. தாண்டினால் இரண்டு தடவையாகப் பூசச் சொல்லுங்கள், முதல் பூச்சு இறுகியதும் கரண்டியால் கீறிவிட்டு அப்புறம் அடுத்தது. முடிவில் சுவர் முழுக்க 68-க்கும் 71-க்கும் நடுவில் வந்தது, கல்லை 63-ல் நிறுத்தினால் எல்லா இடத்திலும் பசை 5-லிருந்து 8 மி.மீ. தான்.

ஒரு எச்சரிக்கை. கொத்துவது பூச்சை மட்டும். பீமின் காங்கிரீட்டைக் கொத்தக் கூடாது, உள்ளே கம்பிக்கு மேலிருக்கிற காங்கிரீட் ஒரு இன்ச் சொச்சம்தான், அதைக் குறைத்தால் மழைத்தண்ணீர் கம்பியைத் தொட்டுத் துருப்பிடிக்க வைக்கும். பூச்சை எடுத்தும் போதவில்லை என்றால் கல் நிற்கிற கோட்டையே கொஞ்சம் வெளியே தள்ளுங்கள், மற்ற இடங்களுக்குப் பூச்சு கூட்டுங்கள். செலவு கூடத்தான் செய்யும், அதற்குப் பயந்து பீமைக் கொத்தாதீர்கள்.

மூலைகளும் திறப்புகளும் தனி. கல் மூலையில் திரும்பிப் பக்கச் சுவருக்குப் போகிறது என்றால் அந்த மூலை சரிகோணமா என்று பார்க்க மூலைமட்டத்தை நம்புவதைவிட 3-4-5 கணக்கு நல்லது. வெளிமூலை என்பதால் அதைத் தரையில் நூல் போட்டுப் பிடியுங்கள்: முன்சுவரின் கோட்டை மூலைக்கு அப்பால் 3 அடி நீட்டிக் குறி வையுங்கள், பக்கச் சுவரில் மூலையிலிருந்து 4 அடியில் இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் நடுவில் 5 அடி இருந்தால் சரிகோணம். ஜன்னலுக்கு இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள், ஒன்றுபோல் வந்தால் மூலைகள் சரிகோணம். வராவிட்டால் ஜன்னலைச் சுற்றி வரும் கல் துண்டு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும், அதுதான் வாசலில் நிற்பவர் கண்ணில் முதலில் படும். சன்ஷேடின் அடி, ஜன்னலின் கீழ்க்கட்டை இதற்கெல்லாம் டியூப் லெவல் போடுங்கள். டியூபுக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் தப்புக் காட்டும், ஆகவே தண்ணீர் விட்டதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டியூபின் ஒரு பாதி வெயிலிலும் ஒரு பாதி நிழலிலும் கிடக்க விடாதீர்கள்.

சுவர் நேராக இருந்தும் பூச்சு சுவரைப் பிடிக்காமல் இருந்தால் பயனில்லை, பூச்சோடு சேர்த்துக் கல்லும் வந்துவிடும். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கெட்டியான சத்தம் வரும், பிடிப்பு விட்ட இடத்தில் காலி டப்பாவைத் தட்டினது மாதிரி கேட்கும். அந்த இடத்தை வட்டம் போட்டுப் பூச்சை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். தூணும் செங்கல்லும் சேர்கிற இடத்தில் நெட்டுவாக்கில் விரிசல் இருந்தால் கோழிவலை அடித்துப் பூச வேண்டும், அதன் மேல் பெரிய கல்லைக் குறுக்கே ஒட்டினால் கல்லே வெடிக்கும். பெயிண்ட் அடித்த சுவரில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடினால் பசை பிடிக்காது, பெயிண்ட்டைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் எங்கேயோ உள்ளே வருகிறது, மொட்டைமாடிக் குழாயைப் பாருங்கள், அதை அடைக்காமல் மேலே போகாதீர்கள்.

அலுமினியச் சட்டம் அடித்து அதில் தகடு அல்லது பலகை மாட்டுகிற வகை என்றால் சுவர் சமத்துக்கு இவ்வளவு கறார் தேவையில்லை, கிளாம்பில் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் எண் எழுதுகிற வேலை அதற்கும் உண்டு, கிளாம்ப் எவ்வளவு நீளம் வாங்குவது என்பது அதிலிருந்துதான் வரும். கிரானைட் மாதிரி கனமான கல் முதல் மாடிக்கு மேல் போகிறது என்றால் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்பும் போடச் சொல்வேன், சுவர் எவ்வளவு நேராக இருந்தாலும்.

திருத்தப் பூச்சு முடிந்ததும் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். ஒட்டுவதற்கு 28 நாள் விடுவது நல்லது, பூச்சு சுருங்குவது பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். இந்த இடைவெளியில் கல் ஆர்டர் கொடுக்கலாம், இப்போது உங்களுக்குச் சரியான அளவும் தெரியும்.

கடைசியாக ஒரு ராத்திரி சோதனை. நூலைப் பழைய மாதிரி மறுபடி பிடித்து முக்கியமான இடங்களை அளந்த பிறகு, இருட்டியதும் ஒரு நல்ல வெளிச்சமான விளக்கைச் சுவரை ஒட்டி, கிட்டத்தட்ட சுவரோடு படுக்கவைத்து மேல்நோக்கிப் பிடியுங்கள். பகலில் தெரியாத சின்ன மேடுகூட நீளமான நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். எலிவேஷனுக்கு, அதாவது வீட்டு முன்பக்கத்துக்கு, கீழிருந்து விளக்குப் போடுகிற எண்ணம் இருந்தால் இதைத் தவறவே விடாதீர்கள், கல் ஒட்டிய பிறகு அந்த விளக்கு தினமும் காட்டப்போவது இதே நிழலைத்தான். நிழல் விழுகிற இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள், காலையில் மேஸ்திரி வந்ததும் முதல் வேலையாக அதைக் கொடுங்கள், கல் கட்டைப் பிரிப்பது அதற்கு அப்புறம்.